முட்டிக்குப் பின்னால் வலியா? தைலத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

"நரம்பு பிசகிருச்சு தம்பி, நல்லா உருவி விடுங்க."

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்த அம்மாவுக்கு 58 வயது. கல்யாணத்துக்காக ஜொகூர் பாருவுக்குப் பல மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தவர். இடது கெண்டைக்கால் பளபளவென்று வீங்கியிருந்தது. டேப் வைத்து அளந்தேன், வலது காலைவிட 4 செ.மீ. கூடுதல். கட்டைவிரலால் அழுத்தினேன், குழி அப்படியே நின்றது. நான்கு நாளாக மகள் கோடாலித் தைலம் போட்டு உருவியிருக்கிறாள். நான் உருவவில்லை, நேராக அவசரப் பிரிவுக்கு அனுப்பினேன். ஸ்கேனில், முட்டிக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அது உடைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். அதனால்தான் இந்த எரிச்சல்.

நமக்கு எல்லாமே நரம்புதான். தசை நரம்பு, தசையை எலும்போடு கட்டும் தசைநாண் நரம்பு, கையில் பச்சையாக ஓடும் ரத்தக்குழாயும் நரம்பு. ஐயா, நரம்பு செருப்பு வார் மாதிரி இடம் மாறிப் பிசகாது. நாற்காலியில் உட்கார்ந்து முட்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள், கயிறு மாதிரி உருளும். அது பின்தொடைத் தசையின் நாண். எல்லோருக்கும் இருக்கும். அதைத்தான் "முறுக்கிக்கிச்சு" என்று எண்ணெய் போட்டு நசுக்குகிறீர்கள்.

பெரும்பாலான வலி சாதாரணமானதுதான். தைப்பூசம் முடிந்த மறுவாரம் பத்துமலையின் 272 படி ஏறி இறங்கியவர்கள் வரிசையாக வருவார்கள். அது தசைப்பிடிப்பு. ஓய்வு, ஐஸ், மெதுவான பயிற்சி போதும்.

அப்புறம் பேக்கர் கட்டி. ரொட்டி சுடுகிறவர்களுக்கு வருவதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, 1877இல் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயர். காலை நீட்டினால் கட்டி இறுகும், மடக்கினால் மெத்தென்று ஆகும். தேய்மானத்தாலோ, மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் சவ்வு கிழிவதாலோ மூட்டில் ஊறும் நீர் பின்பக்கம் தேங்குவதுதான் அது. ஊசியால் நீரை எடுத்தாலும், மூட்டைக் கவனிக்காவிட்டால் திரும்ப வரும். சில சமயம் உடைந்து கெண்டைக்காலும் வீங்கும். பார்வைக்கு ரத்த உறைவு மாதிரியே இருக்கும். எனக்கே ஸ்கேன் இல்லாமல் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படித் தெரியும்?

குந்தி உட்காரும்போதோ படி இறங்கும்போதோ 'டப்' என்று சத்தம் கேட்டு, உடனே பின்னால் வலித்தால் சவ்வின் வேர், அதாவது அது எலும்போடு ஒட்டும் இடம், கிழிந்திருக்கலாம். ஐம்பது தாண்டிய பெண்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். அதைத் தள்ளிப் போடாதீர்கள், எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறீர்களே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கால் மடங்கியே பழகிவிடும். பிறகு அதை நிமிர்த்த நான்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்திருந்தால் உருவாதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, பிரசவம், நீண்ட பயணம் என்று ஏதாவது இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே 999-ஐ அழையுங்கள்.

அந்த அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வீக்கம் வடிந்துவிட்டது. போன வாரம் வந்தவர், "தைலம் பாதி பாட்டில் மிச்சம் இருக்கு தம்பி, வலது காலுக்குப் போடலாமா?" என்று கேட்டார்.