பொறியா, தூண்டிலா?

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவின் மாடியறை ஒன்றில், பழைய தீர்ப்புகளைத் தமிழாக்கும் வேலையில் இருந்தபோது, உடன் வேலை செய்த ஜூனியர் வழக்கறிஞர் கணினியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்: “சார், என்ட்ராப்மென்ட்டுக்கு ‘பொறி வைத்தல்’னே போட்டுடட்டுமா?” குற்றம் செய்ய நினைக்காதவரை அரசின் ஆட்களே செய்ய வைத்துச் சிக்கவைப்பதற்கான ஆங்கிலச் சட்டச் சொல் அது. சரியென்றேன். பக்கத்தைப் படித்துப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அரசுத் தரப்பு பெருமையோடு சொல்வதும் ‘பொறி வைத்தோம்’ என்பதுதான். எதிர்த்தரப்பு குற்றச்சாட்டாகச் சொல்வதும் ‘பொறி வைத்தார்கள்’ என்பதுதான். ஒரே சொல் இரு தரப்புக்கும் வக்காலத்து வாங்கினால் தீர்ப்பு எப்படி விளங்கும்? அன்று தொடங்கிய தேடலே இக்குறிப்பு.

பொறிக்குப் போகும் முன், இத்தகைய வேலைகளில் இறங்கும் ஆட்களுக்கான சொற்களைப் பார்ப்போம். ஆளை அனுப்பித் தகவல் அறிவதற்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. ‘ஒற்று’ என்பதே தலைமையான சொல். ஒற்றுதல் என்றால் படியும்படி மெல்ல அழுத்துதல். துணியால் கண்ணீரை ஒற்றி எடுக்கிறோம், காயத்துக்கு ஒற்றடம் கொடுக்கிறோம். எதிரியின் பக்கத்தில் ஓசையின்றிப் படிந்து, அங்கிருப்பதை உறிஞ்சி எடுத்து வருபவனுக்கு இவ்வினை பொருந்தியிருப்பதைச் சொற்பிறப்பு என்று அறுதியிட்டுச் சொல்லாவிட்டாலும் அழகு என்றாவது சொல்லலாம். திருக்குறள் 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. “துறந்தார் படிவத்த ராகி” என்று 586ஆம் குறள் தொடங்குகிறது. துறவி வேடத்தில் உள்ளே புகுந்து, என்ன துன்பம் செய்தாலும் வாய் சோராதவனே ஒற்றன் என்கிறது. இன்றைய காவல்துறை ‘அண்டர்கவர்’ என்று சொல்வது இதைத்தான். ‘தலைமறைவு முகவர்’ என்ற மொழிபெயர்ப்பைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன், அது தவறு. தலைமறைவு என்பது போலீசுக்குப் பயந்து ஒளிபவருடைய நிலை. மாற்றுவேடக் காவலர் என்றோ, பழஞ்சொல்லை ஏற்பவர் ஒற்றர் என்றோ எழுதலாம்.

‘உளவு’ என்பதை ‘உள்’ என்னும் அடியோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். உள்ளே மறைந்திருப்பதை அறிதல். ‘துப்பு’க்கு வலிமை, திறமை என்பவை பழைய பொருள்கள். இன்றும் ‘துப்புக் கெட்டவன்’ என்று திட்டும்போது அப்பொருள் உயிரோடிருக்க, ‘துப்புக் கிடைத்தது’ என்னும்போது தடயம் என்னும் வேறு பொருள் வந்துவிடுகிறது. ‘மஃப்டி’ போன வழி இன்னும் வேடிக்கையானது. இஸ்லாமியச் சட்ட அறிஞரைக் குறிக்கும் அரபுச் சொல், ஆங்கிலேய ராணுவத்தாரின் பேச்சில் சீருடையல்லாத உடுப்பைக் குறித்து, அங்கிருந்து நம் தெருவுக்கு ‘மஃப்டி போலீஸ்’ ஆக வந்து சேர்ந்தது.

இனி ‘இன்ஃபார்மர்’. சென்னைப் பேச்சில் இந்தச் சொல் அப்படியேதான் புழங்குகிறது. அவர் செய்யும் வேலைக்கு மட்டும் தமிழ் வினை உண்டு: ‘போட்டுக் கொடுத்தான்’. எழுத்துத் தமிழில் ‘காட்டிக் கொடுத்தான்’. ஆள்காட்டி என்றும் சொல்வதுண்டு. அது வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் மனித நடமாட்டம் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் ஒரு பறவையின் பெயரும்கூட. இலங்கைத் தமிழில் ‘தலையாட்டி’ என்ற சொல் இருக்கிறது: முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்து அடையாளம் காட்டியவர். இச்சொற்கள் எல்லாவற்றிலும் வெறுப்பு ஏறியிருப்பதைக் கவனிக்கலாம். ‘தகவலாளி’ என்ற புதுச்சொல்லுக்கு அந்தச் சுமை இல்லாததால், சட்ட எழுத்தில் அதையே விரும்புகிறேன்.

தகவலாளியின் பெயரை வெளியிடுமாறு காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அது 131ஆம் பிரிவு. “சிறப்பறிய ஒற்றின்கண் செய்யற்க” என்று 590ஆம் குறள் அரசனை எச்சரிப்பதும் இதையே: ஒற்றனுக்கு ஊரறியச் சிறப்புச் செய்தால், மறைக்க வேண்டியதை அரசனே வெளிப்படுத்திவிட்டவன் ஆவான். ஆனால் வள்ளுவர் இரகசியத்தோடு நிற்கவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை வேறோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால்தான் நம்பலாம் என்கிறார். காசுக்காகவோ, தன் மேலுள்ள வழக்கிலிருந்து தப்புவதற்காகவோ பேசும் தகவலாளியின் ஒற்றைச் சொல்லை நம்பிப் புறப்படும் அதிகாரிகள் 588, 589ஆம் குறள்களைப் படிக்கலாம்.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் நடப்பதைப் பார்த்துச் சொல்பவர்கள். ‘என்ட்ராப்மென்ட்’ என்பது நடக்காததை நடக்க வைப்பது பற்றியது. பழைய பிரெஞ்சு வினையொன்றின் வழியே ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லுக்குள் ‘ட்ராப்’ இருப்பதால், நாமும் உடனே ‘பொறி’யைத் தொட்டுவிடுகிறோம். தமிழில் பொறிக்கோ வேலை அதிகம்: தீப்பொறி, ஐம்பொறி, பொறியியல், எலிப்பொறி என்று எங்கும் அது இருக்கிறது.

லஞ்ச ஒழிப்பு வழக்கில் ‘ட்ராப்’ எப்படி வைக்கப்படுகிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். லஞ்சம் கேட்கப்பட்டவர் புகார் தருகிறார், வழக்குப் பதிவாகிறது. சம்பந்தமில்லாத அரசு ஊழியர் இருவர் சாட்சிகளாக வரவழைக்கப்படுகிறார்கள். ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் மேல் ஃபீனால்ஃப்தலின் என்னும் வெள்ளைப் பொடியைத் தடவுகிறார்கள். கேட்டால் மட்டும் கொடு, நீயாகத் திணிக்காதே என்று புகார்தாரருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். பணம் கை மாறியதும் வெளியே குறிப்பு வருகிறது, அதிகாரிகள் நுழைகிறார்கள், கண்ணாடிக் குவளையில் கலக்கிய நிறமற்ற சோடியம் கார்பனேட் கரைசலில் விரல்களை நனைக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுகிறது. ‘ரசாயனம் தடவிய நோட்டு’, ‘கையும் களவுமாக’ என்று மறுநாள் செய்தித்தாள் எழுதுவது இதைத்தான். ஆனால் தண்ணீர் சிவந்தது மட்டும் போதாது. அவர் கேட்டார் என்பதும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். கேட்டதையும் வாங்கியதையும் சூழ்நிலைச் சாட்சியங்களாலும் நிறுவலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நீரஜ் தத்தா வழக்கில் தெளிவுபடுத்தியது. ஆக, கேட்டவன் முன்பே தடத்தில் நடந்து வந்துகொண்டிருக்கிறான். பொறி அந்தத் தடத்தில் இருக்கிறது.

தடமே இல்லாத இடத்தில் தடம் போட்டுக் கொடுத்தால்? ராவ் ஷிவ் பகதூர் சிங் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. விந்தியப் பிரதேச அமைச்சராக இருந்தவருக்குத் தண்டனை நிலைத்தது. ஆயினும், ஊழலைக் கண்டுபிடிக்கப் பொறி வைப்பது சில வேளை தேவைப்படலாம், ஆனால் கொடுக்கப் பணமோ திரட்ட வழியோ இல்லாத ஒருவருக்குப் போலீசே லஞ்சப் பணத்தைத் தந்து அக்குற்றத்தை நிகழச் செய்வதற்கு நியாயமில்லை என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். நாங்கள் தமிழாக்கிக்கொண்டிருந்த 1956ஆம் ஆண்டின் ராம்ஜனம் சிங் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: ஒருவனுடைய குற்றப் போக்கு எத்தகையதாயினும், அவன் தாங்கும் எல்லைக்கு அப்பால் வேண்டுமென்றே ஆசை காட்டப்பட மாட்டான் என்று, அதிலும் சட்டத்தின் காவலர்களாலேயே அப்படிச் செய்யப்பட மாட்டான் என்று எதிர்பார்க்க அவனுக்கு உரிமை உண்டு. இருந்தும் நம் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்று தனி எதிர்வாதம் எழுதப்படவில்லை.

அமெரிக்காவில் அது 1932ஆம் ஆண்டின் சோரெல்ஸ் வழக்கோடு நிலைபெற்றது. மதுவிலக்குக் காலம். வட கரோலினாவில் ஒருவர் வீட்டுக்குச் சுற்றுலாப் பயணிபோல் வந்த மதுவிலக்கு அதிகாரி, உலகப் போரில் தாமும் அதே படைப்பிரிவில் இருந்ததாகச் சொல்லிப் பழைய கதைகள் பேசி, நடுநடுவே விஸ்கி கிடைக்குமா என்று கேட்டார். இல்லை என்றார் வீட்டுக்காரர். மீண்டும் கேட்டார், மீண்டும் இல்லை. இன்னுமொரு முறை கேட்ட பிறகு வீட்டுக்காரர் வெளியே போய் அரை காலன் வாங்கி வந்தார், கைதானார். குற்ற எண்ணத்தை அப்பாவியின் மனத்தில் விதைத்தது அரசே என்றால் அதை எதிர்வாதமாக எழுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ப் பேச்சில் அந்த அதிகாரி செய்தது ‘உசுப்பேற்றிவிட்டது’. பிரிட்டனில் 2001இல் வந்த லூஸ்லி தீர்ப்பு, குற்றவாளியின் மனத்தைவிட அரசின் நடத்தையையே முதலில் எடைபோடுகிறது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

தமிழ்ச் சொல்லுக்கான விடை இங்கேதான் ஒளிந்திருந்தது. தூண்டு என்னும் வினையிலேயே தூண்டில் இருக்கிறது. பொறி ஓரிடத்தில் கிடக்கும். தூண்டில் இரையோடு மீனிருக்கும் இடம் தேடிப் போகும். எலிப்பொறியிலும் மசால்வடை வைக்கிறோமே என்று ஜூனியர் மடக்கினார். எந்த உவமையும் முழுக்கப் பொருந்துவதில்லை. “தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று” என்று 931ஆம் குறள் சூதில் கிடைத்த வெற்றியைச் சொல்கிறது: இரைக்குள் மறைந்த இரும்பை மீன் விழுங்கியது போல. வாங்குபவர்போல் நடிக்க அனுப்பப்படும் ‘டெக்காய்’ ஆளுக்குச் சங்கத் தமிழில் அருமையான சொல் ஒன்று உண்டு: பார்வை. “பார்வை யாத்த பறைதாள் விளவின்” என்று பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. காட்டு மானை ஈர்க்கப் பழக்கிய மானை விளாமரத்தில் கட்டி வைப்பார்கள், அம்மானே பார்வை. இன்று கண் பார்வை அச்சொல்லை முழுதாக விழுங்கிவிட்டதால், ‘பார்வை ஆள்’ என்றால் யாருக்கும் புரியாது என்பதுதான் வருத்தம்.

பொய்த்தடயம் வைப்பதை இதோடு குழப்பக்கூடாது. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த சுதேசிகளில் ஒருவர் வீட்டுக் கிணற்றில், அரசுக்கு எதிரான துண்டறிக்கைகள் அடைத்த ஜாடி போடப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். அங்கே யாரும் தூண்டப்படவில்லை. செய்யாத குற்றம் செய்ததாகக் காட்டப்பட்டது. தூண்டலில் குற்றம் உண்மையாகவே நடந்துவிடுகிறது. யாருடைய குற்றம் என்பதுதான் கேள்வி.

கடைசியில் நாங்கள் சட்டப்படியான ‘ட்ராப்’ வரும் இடங்களில் ‘பொறி வைத்துப் பிடித்தல்’ என்றும், ‘என்ட்ராப்மென்ட்’ வரும் இடங்களில் ‘தூண்டிச் சிக்கவைத்தல்’ என்றும் மாற்றினோம். ‘தூண்டில்’ என்று ஒரே சொல்லில் போட எனக்கு ஆசைதான். “ஜட்ஜ் மீன்பிடி வழக்குன்னு நெனச்சுக்கப் போறார் சார்” என்று சிரித்துக்கொண்டே ஜூனியர் அதை அழித்துவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.