'கிளிக்' ஒலிக்கு அகப்படாத காது நச்சு

சிஸ்பிளாட்டின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் செவித்திறனைப் பெரும்பாலும் மேல் அதிர்வெண்ணிலிருந்துதான் அரிக்கத் தொடங்கும். உட்காதிலுள்ள நத்தைச்சுருளான காக்லியாவின் அடிச்சுருளில், ஒலியை உணரும் வெளி மயிர்ச்செல்கள் முதலில் சாகின்றன. உயர் அதிர்வெண் ஒலிகளை வாங்குவது அந்த இடம்தான். ஆகவே இம்மருந்துகளைச் சோதிக்கும் விலங்குக்கு 'கிளிக்' ஒலியை மட்டும் கொடுத்துவிட்டு, கேட்பு வரம்பு (கேட்கக்கூடிய மிகக் குறைந்த ஒலி மட்டம்) மாறவில்லை என்று அறிக்கை எழுதுவதை ஏற்க முடியாது. கிளிக்கில் பல அதிர்வெண்கள் கலந்திருக்கும். பழுதாகாத பகுதி பதில் சொல்லிக் கெட்ட பகுதியை மறைத்துவிடும். சுண்டெலி 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் நன்றாகக் கேட்கும். அதற்கு 8, 16, 32 என்று தனித்தனி டோன்கள் வேண்டும்.

ஒலிக்குச் செவிநரம்பும் மூளைத்தண்டும் தரும் மின் அலைகளை அளப்பது ஏபிஆர் சோதனை. அதில், மயக்கத்திலுள்ள விலங்கின் உச்சந்தலைத் தோலுக்கடியில் ஓர் ஊசி மின்முனை, சோதிக்கும் காதுமடலுக்குக் கீழே இன்னொன்று, பின்னங்காலருகே எர்த். 90 டெசிபெலில் தொடங்கி ஐந்தைந்தாகக் குறைத்து, ஒவ்வொரு மட்டத்திலும் 500 முதல் 1000 பதில்கள் வரை சராசரி எடுக்க வேண்டும். அலை கண்ணுக்குத் தெரியும் கடைசி மட்டமே வரம்பு. வரைபடத்தைப் படிப்பவருக்கு எது மருந்து கொடுத்த விலங்கு என்று தெரியக்கூடாது. ஐந்து டெசிபெல் என்பது ஆசையில் நகர்ந்துவிடும் தூரம்தான்.

அதிகம் ஏமாற்றுவது உடல் வெப்பம். மயக்கத்தில் சுண்டெலி மளமளவென்று குளிர்ந்துவிடும். அலைகள் தாமதமாக வரும், வரம்பும் நம்பத்தக்கதாக இருக்காது. ஆசனவாயில் வெப்ப உணரி வைத்து, சூட்டுத்திண்டால் 37 டிகிரியில் நிறுத்துங்கள். அதே சூட்டுத்திண்டு மின்இரைச்சலையும் கொண்டுவரும் என்பது தனித் தலைவலி! 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான ஃபில்டரும் நல்ல எர்த்தும் ஓரளவு காப்பாற்றும்.

அடுத்தது நடுக்காது. சீழ் கோத்திருந்தாலும் வரம்பு ஏறும். பழியை மருந்து சுமக்கும். முதல் டோஸுக்கு முன்பே ஓட்டோஸ்கோப்பில் செவிப்பறையைப் பாருங்கள், அடிப்படை ஏபிஆரும் எடுத்துவிடுங்கள். காதே திருப்பி அனுப்பும் ஒலியை அளக்கும் டிபிஓஏஇ சோதனையில் 10, 12 கிலோஹெர்ட்ஸ் டோன்களைச் சேர்த்துக் கொடுத்தால் வெளி மயிர்ச்செல்கள் 8-ல் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும். அது மங்கினால் அந்தச் செல்களைச் சந்தேகிக்கலாம். ஆனால் நடுக்காது கெட்டிருந்தாலும் அது மங்கும் என்பதால் ஓட்டோஸ்கோப்பைத் தவிர்க்க வழியில்லை.

சி57பிஎல்/6 சுண்டெலிகளுக்கு வயது ஏற ஏற மருந்தில்லாமலே மேல் அதிர்வெண் போய்விடும். காரணம் கேட்ஹெரின்-23 மரபணுவிலுள்ள மாறுபாடு. சிபிஏ/சிஏஜே இனம் மேல். எந்த இனமானாலும், மருந்து கலக்காத கரைசல் மட்டும் பெறும் அதே வயதுக் குழு தேவை. சுண்டெலிகள் அமினோகிளைக்கோசைடை (ஜென்டாமைசின், அமிகாசின் வகை மருந்தை) நன்றாகவே தாங்கும் என்பதால், சேதம் தெரிவதற்காகக் கூடவே ஃபியூரோசமைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி மருந்தையும் கொடுப்பது வழக்கம். கினிப்பன்றிக்கு அந்தத் துணை பெரும்பாலும் வேண்டாம்.

சிஸ்பிளாட்டின் குழுவில் எடை சரியும், சிறுநீரகம் கெடும், சில விலங்குகள் இறக்கும். மிகவும் பாதிக்கப்பட்டவை போய்விட்டால் எஞ்சியவற்றின் சராசரி அழகாகத் தெரியும். தோலுக்கடியில் சலைன் கொடுங்கள். இறந்தவற்றின் எண்ணிக்கையையும் முடிவோடு சேர்த்தே எழுதுங்கள். கடைசி டோஸ் முடிந்த பிறகும் சேதம் தொடரலாம். மறுநாளே அளந்துவிட்டு மூட்டை கட்டாமல், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும்.

பிறகு காக்லியாவை எடுத்து, ஃபல்லாய்டின் சாயமிட்டு மயிர்ச்செல்களை எண்ணுங்கள். வரம்பு மாறாத காதிலும், சோதித்த அதிர்வெண்களுக்கு அப்பால், அடிச்சுருளின் கோடியில் வெளிவரிசை செல்கள் இருக்க வேண்டிய இடங்கள் காலியாகக் கிடப்பதுண்டு.