வரி கேட்பவர் யார்?

நிதி அதிகாரத்தை மாகாணங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் பிரித்துக் கொடுத்தால் அரசின் மொத்தச் செலவு கூடுமா, குறையுமா? 1980-ல் பொருளியலாளர்கள் ஜெஃப்ரி பிரென்னனும் ஜேம்ஸ் புக்கானனும் குறையும் என்றார்கள். வரியை ஏற்றினால் மக்களும் தொழில்களும் பக்கத்து ஊருக்குப் போய்விடலாம். அந்தப் பயமே உள்ளாட்சியின் கையைக் கட்டிவிடும் என்பது அவர்கள் வாதம். 1985-ல் வாலஸ் ஓட்ஸ் பல நாடுகளின் கணக்கை வைத்துச் சோதித்தபோது, வலுவான தொடர்பு எதுவும் தென்படவில்லை.

செலவழிப்பவர் யார் என்பதோடு, அந்தப் பணத்தை மக்களிடம் வரியாகக் கேட்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் ஊருக்கு 100 கோடியில் விளையாட்டரங்கம் வேண்டும். ஊரே வரி போட்டுக் கட்டினால் 100 கோடியும் அந்த ஊர்க்காரர்கள் தலையில்தான். மத்திய மானியத்தில் கட்டினால், அதேபோன்ற 50 ஊர்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். கேட்ட ஊருக்கு வெறும் 2 கோடி. அந்த விலைக்கு யார்தான் வேண்டாம் என்பார்கள்? 50 ஊர்களும் இப்படியே கணக்குப் போட்டால் பொதுப் பணம் கரைந்துவிடும். 2003-ல் ஜோனதன் ராடனின் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது: சொந்த வரியில் நடக்கும் பரவலாக்கத்தில் அரசின் செலவு மெதுவாக வளர்கிறது, மானியத்தில் நடப்பதில் வேகமாக.

மானியம் வந்த அளவுக்கு உள்ளூர் வரி குறைவதும் அபூர்வம். ஈ ஒட்டும் தாளில் ஈ போல, பணம் விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. பொருளியலாளர்கள் இதற்கு அந்தத் தாளின் பெயரையே வைத்து ‘ஃப்ளைபேப்பர் விளைவு’ என்கிறார்கள்.

கடன் பக்கம்தான் உண்மையான ஆபத்து. மூழ்கினால் மேலே இருப்பவர் தூக்கிவிடுவார் என்று தெரிந்தால் யாரும் அளந்து கடன் வாங்குவதில்லை. 1840-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்டு மாநிலங்கள் கடனைக் கட்டத் தவறின. மத்திய அரசு கைகொடுக்கவில்லை. பிறகு பல மாநிலங்கள் கடன் வரம்பைத் தங்கள் அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தன. ஜெர்மனியில் 1992-ல் அரசியல் சாசன நீதிமன்றம், கடனில் சிக்கிய பிரேமன், சார்லாந்து மாநிலங்களுக்கு உதவும்படி மத்திய அரசிடம் சொன்னது. பின்னர் பெர்லினும் அதே கதவைத் தட்டியது. 2006-ல் அதற்கு மறுப்புதான் கிடைத்தது.

இதையெல்லாம் வைத்து மானியமே கெடுதல் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. பொலிவியா 1994-ல் தேசிய வரி வருவாயில் 20 சதவீதத்தை மக்கள்தொகைக்கு ஏற்ப நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதற்குமுன் பெருநகரங்களிலேயே தங்கிவிட்ட பணம் சிற்றூர்களுக்குப் போனது. பொது முதலீடு பள்ளிக்கும் குடிநீருக்கும் கழிவுநீர் வசதிக்கும் திரும்பியது. அத்தனையும் மேலிருந்து வந்த பணம்தான்.