மூங்கில் புழுவுக்குத் தலை எந்தப் பக்கம்?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். ஆண்டுக்கொரு முறை மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவேன். மஞ்சள் காட்டில் மண்புழு பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஈர மணலில் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குழாயைக் கண்டால் பிடித்து இழுக்கத்தான் கை போகும். தயவுசெய்து இழுக்காதீர்கள். உள்ளே மூங்கில் புழு என்ற கடற்புழு இருந்தால் அங்கேயே அறுந்துவிடும்.

உடல் நெடுக நீள நீளமான வளையங்கள், இடையிடையே கணு போன்ற புடைப்பு. அதனால்தான் அந்தப் பெயர். குடும்பப் பெயர் மால்டானிடே. தன் உடலில் சுரக்கும் பசையால் மணலை ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் தலைகீழாக வாழும். அடியில் இருக்கும் மண்ணை விழுங்கி, அதில் ஒட்டிய உணவைச் செரித்து, மிச்சத்தை மேலே தள்ளும். நம் காட்டு மண்புழு குருணை குருணையாக எச்சம் போடுவதைப் போலத்தான். அடி மண் மேலே வருகிறது, காற்றோட்டமில்லாத கரிய சேற்றுக்குள் உயிர்வளியுள்ள நீர் இறங்குகிறது. அந்த மணலுக்கு இது உழவு.

ஏறக்குறைய எல்லா மாணவரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பல இனங்களில் ஒரு முனை புனல்போல விரிந்து, ஓரத்தில் சிறு விரல்கள் வரிசையாக இருக்கும். அதைத்தான் தலை என்று வரைவார்கள். அது வால். உண்மையான தலையில் உணர்கொம்பு எதுவும் கிடையாது, மொட்டையாக இருக்கும். "இதுக்குத் தலையே காணோங்க சார்" என்று ஒரு பையன் சொன்னான். அவன் சரியாகப் பார்த்திருக்கிறான்!

இனம் கண்டுபிடிக்க இரண்டு முனையும் வேண்டும். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் கிளைமெனெல்லா டார்குவாட்டா என்ற மூங்கில் புழு இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முள் உள்ள வளையங்களில் நான்காவதன் முன் விளிம்பில் சட்டைக் காலர் மாதிரி ஒரு மடிப்பு இருக்கும், வாலில் புனல். நடுத்துண்டு மட்டும் கையில் இருந்தால் என்ன செய்ய முடியும்? என் முதல் பயணத்தில் நான் கொண்டுவந்தது அப்படிப்பட்ட நடுத்துண்டுதான். இன்றுவரை அந்தப் புட்டியில் இனப்பெயர் எழுதவில்லை.

அதனால் குழாயைச் சுற்றி அகலமாக, ஒரு சாணுக்குக் குறையாமல் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெதுவாகக் கரைத்து எடுங்கள். அதுவும் அனுமதி இருந்தால் மட்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. அங்கே எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு வரலாம். தோண்டிய குழியை மூடிவிட்டு எழுந்திருங்கள். பக்கத்திலேயே வேறு குழாய்களும் இருக்கும்.