திட்டுனா விடுவாங்கன்னா இந்நேரம் விட்டிருப்பாங்க

"நீங்க நல்லா நாலு வார்த்த கேளுங்க மேடம், நாங்க சொன்னா மதிக்கிறதே இல்ல." பீடி, சிகரெட், மாவா (பாக்கும் புகையிலயும் கலந்து வாய்ல அதக்குறது), குடின்னு பழக்கத்த விட வர்றவங்களுக்கு கவுன்சிலிங் குடுக்குறது என் வேல, என்கிட்ட வர்ற குடும்பங்கள்ல முக்காவாசி பேர் மொதல்ல சொல்றது இதான். வட சென்னைல தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர்னு எங்கேர்ந்து வந்தாலும் பேச்சு ஒண்ணு தான். பொண்டாட்டியோ அம்மாவோ முன்னாடி வருவாங்க, அந்த ஆளு பின்னாடி வந்து உக்காந்து கைய கட்டிக்குவாரு. வீட்ல தெனம் கேக்குறத இன்னொரு தடவ படிச்சவங்க வாயால கேக்கப்போறோம்னு முடிவு பண்ணிட்டு தான் வந்திருப்பாரு.

வீட்ல இருக்குறவங்க கோவம் எனக்கு நல்லாவே புரியுது. சம்பாதிக்கிற துட்டுல பாதி டாஸ்மாக்குக்குப் போவும்போது, ராத்திரியெல்லாம் இருமுறத பக்கத்துல படுத்துகிட்டு கேக்கும்போது, யாருக்கும் அமைதியா பேச வராது. ஆனா திட்டறது, பயமுறுத்துறது, அவமானப்படுத்துறது இதெல்லாம் பழக்கத்த மாத்துதான்னு ஆராய்ச்சி பண்ணி பாத்திருக்காங்க, அதுல வந்த பதில் நம்ம வீடுகளுக்கெல்லாம் தெரியணும்.

அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவரும் அவர் கூட இருந்தவங்களும் 1993ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. குடிப்பழக்கத்தால பிரச்னை இருக்குறவங்கள பிரிச்சு, சில பேர்கிட்ட "நீ குடிகாரன், ஒத்துக்கோ"ங்கற மாதிரி நேருக்கு நேரா மோதிப் பேசுற கவுன்சிலிங், மத்தவங்ககிட்ட அவங்க சொல்றத காது குடுத்து கேட்டு பேசுற கவுன்சிலிங். ஒரு வருஷம் கழிச்சு பாத்தா, கவுன்சிலர் எந்த அளவுக்கு மோதினாரோ அந்த அளவுக்கு அந்த ஆளு அதிகமா குடிச்சிகிட்டு இருந்தாரு. கவுன்சிலிங் படிச்சவங்க மோதினதுக்கே இப்படின்னா, நடு ராத்திரி வாசல்ல நிக்க வெச்சு தெருவே கேக்க கத்துனா என்ன ஆவும்னு யோசிச்சு பாருங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, பழக்கத்துல இருக்குற யாருக்கும் ரெண்டு மனசு இருக்கு. விடணும்ங்கறதும் இருக்கு, விட முடியாதுங்கறதும் இருக்கு. நீங்க "விடு விடு"ன்னு ஒரு பக்கம் புடிச்சு இழுத்தா அவரு தன்னால இன்னொரு பக்கம் போயி நின்னுக்குவாரு, "எங்க தாத்தா 85 வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு"ன்னு வாதம் பண்ணுவாரு, அப்புறம் தான் சொன்ன வாதத்த தானே நம்ப ஆரம்பிச்சிடுவாரு. இத திருப்பி போட்டா என்ன? விடறதுக்கான காரணத்த நாம சொல்லாம அவரு வாய்லேர்ந்து வர வெச்சா? மில்லர் 1983லயே இத எழுதினாரு, அப்புறம் ஸ்டீபன் ரோல்நிக்கோட சேர்ந்து வளத்தாரு, மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு பேரு, இன்னிக்கு உலகம் பூரா போதைப் பழக்கத்த விட வெக்கிற டி-அடிக்‌ஷன் வேலைல இருக்குறவங்க கத்துக்கிற முறை இது.

காசிமேட்டுல விசைப்படகுல கடலுக்குப் போற ஒரு அண்ணன் வந்தாரு (யாருன்னு தெரியாம இருக்க சில விவரத்த மாத்தியிருக்கேன்). பீடி கெட்டதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லல. "அண்ணே, பீடில உங்களுக்கு என்ன கிடைக்குது?"ன்னு தான் கேட்டேன். நிமிந்து பாத்தாரு, இந்த கேள்விய யாரும் அவர்கிட்ட கேட்டதே இல்ல போல.

"ராத்திரி வலைய வுட்டுட்டு முழிச்சினு இருக்கணும் மேடம், குளுரு வேற. அது இல்லன்னா கண்ணு சொருகிடும்."

"சரிண்ணே. அதுல உங்களுக்கு புடிக்காதது ஏதாச்சும் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. "மூச்சு வாங்குது மேடம். வலை இழுக்க சொல்ல சின்ன பசங்க முன்னாடி நின்னுனு மூச்சு வாங்குனா பேஜாரா கீது. எம்பொண்ண கட்டிக் குடுத்த வூட்டுக்குப் போனா அர அவருக்கு ஒரு தபா எந்திரிச்சி வெளிய போறேன், சம்பந்தி பாத்துனே கீறாரு."

பீடிக் கட்டு மேல எச்சரிக்கை படம் போட்டிருக்கு, அந்த படத்த அவரு தெனம் பாக்குறாரு, அவர அது அசைக்கல. சம்பந்தி பாக்குறது அசைக்குது. இது எனக்கு எந்த புஸ்தகத்துலயும் கிடைக்காது, அவர் சொன்னா தான் கிடைக்கும். அப்புறம் கேட்டேன், "விடறது உங்களுக்கு எவ்ளோ முக்கியம், பத்துக்கு எத்தன?" "ஒரு அஞ்சு." "ரெண்டுன்னு சொல்லாம ஏன்ணே அஞ்சுன்னு சொன்னீங்க?" இந்த கேள்வில தான் விஷயமே இருக்கு. "ஏன் பத்து இல்ல"ன்னு கேட்டிருந்தா சாக்கு சொல்லியிருப்பாரு, "ஏன் ரெண்டு இல்ல"ன்னு கேட்டதால அஞ்சுக்கான காரணத்த அவரே அடுக்க ஆரம்பிச்சிட்டாரு. வீட்ல நீங்களும் கேக்கலாம், இதுக்கு பட்டம் எதுவும் தேவையில்ல, குரல்ல குத்தல் இல்லாம இருந்தா போதும்.

ஒருத்தர் "விடணும்"னு சொன்னதும் வேல முடிஞ்சிடாது. "நாளைலேர்ந்து தொடமாட்டேன்"னு சாமி மேல சத்தியம் பண்ணுவாங்க, மாலை போடுவாங்க, மாலை போட்ட நாள் வரைக்கும் நிஜமாவே தொடமாட்டாங்க, கழட்டின அன்னிக்கு சாயங்காலம் பழைய டீக்கடை, பழைய கூட்டாளி, பழைய நேரம், கை தானா போவும். ஜெர்மனிக்காரர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ச்சி பண்ணது இந்த எடத்த தான். "செய்யணும்"ங்கற எண்ணம் மட்டும் போதாது, "இந்த நேரத்துல, இந்த எடத்துல, இது நடந்தா, நான் இத செய்வேன்"னு முன்கூட்டியே முடிவு பண்ணணும்னு 1999ல எழுதினாரு. 2006ல அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகள ஒண்ணா சேர்த்து பாத்தப்போ, இப்படி திட்டம் போட்டவங்க, வெறும் எண்ணத்தோட நின்னவங்கள விட நல்லாவே அதிகமா செஞ்சு முடிச்சிருந்தாங்க.

அதனால நான் உக்காந்து எழுத வெப்பேன். "டீ கிளாஸ் கைக்கு வந்தா, பொட்டிக்கடை பக்கம் நிக்காம ரோட்ட தாண்டி எதிர்ல போயி நின்னு குடிப்பேன்." "கூட்டாளி பீடிய நீட்டுனா, டாக்டர் வேணாம்னுட்டாருன்னு சொல்ட்டு வாய்ல கிராம்பு போட்டுக்குவேன்." கடலுக்குப் போறவங்களுக்கு இன்னொண்ணும் இருக்கு, தடைக்காலம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போவாது, வருமானம் இல்ல, வலைய சரி பண்ற வேல போக மீதி நேரமெல்லாம் கரைல உக்காந்திருக்கணும், பீடியும் குடியும் ஏறுறது அப்ப தான். அந்த 61 நாளுக்கு தனியா ஒரு திட்டம் போடாம கடல்ல இருக்குற நாளுக்கு மட்டும் போட்டா அது பாதி திட்டம் தான்.

புகைய விடறவங்களுக்கு ஒடம்புல என்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லிடணும். மொத ரெண்டு மூணு நாள் தான் ரொம்ப மோசம், எரிச்சல், தூக்கம் வராது, பசி எடுக்கும், ஒரு மாசத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும். ஒவ்வொரு தடவ ஆச வரும்போதும் அது சில நிமிஷத்துல ஏறி தானா எறங்கிடும், அந்த சில நிமிஷத்த தாண்ட தான் திட்டமே. வீட்ல இருக்குறவங்க அந்த வாரம் அவரு எரிஞ்சு விழுந்தா "இதுக்கு நீ குடிச்சிட்டே இருந்திருக்கலாம்"னு தயவு செஞ்சு சொல்லாதீங்க. நிக்கோட்டின் கம் வாங்குறவங்க நெறைய பேரு "அது வேல செய்யல, விக்கல் தான் வருது"ம்பாங்க, சாதா சூயிங் கம் மாதிரி கடகடன்னு மென்னா அப்படி தான் வரும். கொஞ்சம் மென்னு, காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கி வெச்சு, காரம் போனதும் திரும்ப மெல்லணும், மெல்றதுக்கு முன்னாடி கால் மணி நேரமும் மெல்லும்போதும் டீ, காபி, கூல்ட்ரிங்ஸ் கூடாது, குடிச்சா வாய்ல மருந்து ஏறாது.

சின்னப் பசங்க விஷயம் வேற மாதிரி. மாவாவுக்கு புகை இல்ல, வாசன இல்ல, ஒதட்டுக்குள்ள அதக்கிகிட்டு கிளாஸ்லயே உக்காந்திருக்கானுங்க. மாவால புகையில மட்டும் தான் ஆபத்துன்னு நெனைக்கிறாங்க, அதுல இருக்குற பாக்கே புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே சொல்லியாச்சு. வாய் கொஞ்சம் கொஞ்சமா இறுகி, மூணு விரல நிக்க வெச்சு உள்ள விட முடியாம போச்சுன்னா, காரம் பட்டா எரியுதுன்னா, உடனே பல் டாக்டர்கிட்ட காட்டுங்க, அடிச்சு மெரட்டி நேரத்த ஓட்டாதீங்க.

அப்புறம் சறுக்கல். விட்டு இருபது நாளாச்சு, ஒரு சாவு வீடு, ஒரே ஒரு பீடி. அந்த ஒரு பீடி கெடுக்குறத விட அதுக்கப்புறம் அவரு மனசுல ஓடுறது தான் அதிகமா கெடுக்குது, "அவ்ளோதான், நாம வேலைக்காவ மாட்டோம்"னு ஒரு கட்டு வாங்கிடுவாரு. அமெரிக்க சைக்காலஜிஸ்ட் ஆலன் மார்லட் இத தான் வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணாரு. லண்டன்ல பிலிப்பா லேலி 96 பேர வெச்சு, புதுசா ஒரு நல்ல பழக்கம் தானா வர எவ்ளோ நாளாவுதுன்னு பாத்தாங்க, நடு மதிப்பு 66 நாள், ஆனா சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் போச்சு கணக்கு, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனதால பெருசா ஒண்ணும் கெடல. 21 நாள்ல பழக்கம் மாறிடும்னு வாட்ஸ்அப்ல வர்றத நம்பி 22வது நாள் மனசு ஒடிஞ்சு போறவங்கள பாக்கும்போது எனக்கு வயிறு எரியுது.

பழக்கத்த மாத்துறதுக்கு பலன் இருக்குன்னு சென்னையிலயே நடந்த ஆராய்ச்சி இருக்கு, போதை இல்ல, சர்க்கரை நோய் பத்தி, நம்ம ஆளுங்களுக்கே தெரியாது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை வர்ற எல்லைல இருக்குற 531 பேர மூணு வருஷம் கவனிச்சாங்க, 2006ல வெளிவந்துச்சு. சாப்பாட்டயும் நடையயும் மாத்துனவங்களுக்கு சர்க்கரை வர்றது 28.5 சதவீதம் கொறஞ்சது, மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரை மட்டும் போட்டவங்களுக்கு 26.4. அதாவது மாத்திரை செய்யுற வேலைய நடையும் செஞ்சிருக்கு. 2013ல அவங்களே 537 ஆம்பளைங்கள வெச்சு பண்ணதுல, பாதி பேருக்கு செல்போன்ல அப்பப்ப மெசேஜ் அனுப்புனாங்க, ரெண்டு வருஷத்துல அவங்கள்ல 18 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துச்சு, மெசேஜ் போகாதவங்கள்ல 27. சாதாரண எஸ்எம்எஸ் தான். விடாம ஒருத்தர் நம்மள நெனச்சுகிட்டு இருக்காங்கன்னா அதுக்கு பலன் இருக்கு, என்கிட்ட வர்றவங்களுக்கு நான் போன் போட்டு விசாரிக்கிறதும் அதனால தான்.

டாக்டர், நர்ஸ், மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போற அக்காங்க யாராச்சும் படிச்சீங்கன்னா ஒண்ணு கேட்டுக்குறேன். 1979ல லண்டன்ல மைக்கேல் ரசல் குழு, சாதாரண கிளினிக்குக்கு வந்த 2000த்துக்கும் மேல புகை பிடிக்கிறவங்கள பாத்தாங்க. டாக்டர் ஓரிரு நிமிஷம் விடச் சொல்லி, ஒரு நோட்டீஸ் குடுத்து, திரும்ப விசாரிப்போம்னு சொன்ன குழுல 5.1 சதவீதம் பேர் ஒரு வருஷம் வரைக்கும் விட்டிருந்தாங்க, ஒண்ணும் சொல்லாத குழுல 0.3. கம்மியா தெரியலாம், ஆனா ராயபுரம் பக்கம் ஒரு ஓபில ஒரு நாளைக்கு எத்தன பேரு வர்றாங்க, அந்த ரெண்டு நிமிஷத்த எல்லார்கிட்டயும் செலவு பண்ணா எத்தன பேரு ஆவுதுன்னு பாருங்க.

குடி விஷயத்துல ரெண்டு எச்சரிக்கை, இத மட்டும் கவனமா படிங்க. தெனமும் காலைலேர்ந்தே குடிக்கிறவர, கை நடுங்குறவர, ரூம்ல பூட்டி வெச்சு ஒரே நாள்ல நிறுத்தாதீங்க, ரெண்டு மூணு நாள்ல ஃபிட்ஸ் வரலாம், சம்பந்தமில்லாம பேசி இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம், ஆஸ்பத்திரில மருந்தோட தான் நிறுத்தணும். ரெண்டாவது, "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுங்க"ன்னு விக்கிற மருந்து. டைசல்ஃபிராம்ங்கற குடிய நிறுத்த குடுக்குற மருந்து இருக்குற மாத்திரைய தெரியாம சாப்ட்டுட்டு மேல குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் எறங்கி ஆளு விழுந்துடலாம். அவரு சம்மதிச்சு, டாக்டர் பாத்து குடுத்தா அதுவே நல்ல மருந்து.

ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, அரசு ஆஸ்பத்திரி தான், போகலாம். புகையில விட 1800-11-2356, காசு கிடையாது, சிகரெட் பாக்கெட் மேலயே அந்த நம்பர் இருக்கும். மனசு கஷ்டம், குடி எதுவா இருந்தாலும் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம். கூப்பிடறது அவரா இருந்தா நல்லது, அவரு கூப்பிடற நிலைல இல்லன்னா நீங்க கூப்பிட்டு, வீட்ல எப்படி பேச்ச ஆரம்பிக்கிறதுன்னு மட்டுமாவது கேட்டுக்கோங்க. பேசறதுக்கு அவரு போதைல இல்லாத நேரமா பாத்து, புள்ளைங்க பக்கத்துல இல்லாதப்போ உக்காருங்க.