பாக்கெட்டில் நாம் வாங்குவது உழைப்பையா, உப்பையா?

"நேற்றுக் காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" உணவு ஆலோசனைக்கு வருகிற எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான் மேடம்" என்றே பதில் வரும். ஒவ்வொரு வேளையாக விசாரித்தால், இட்லி மாவு கடையில் வாங்கியது, குழம்புக்கு இஞ்சி பூண்டு விழுது பாக்கெட், இரவுக்கு அரைவேக்காட்டுச் சப்பாத்தி, தொட்டுக்கொள்ள ஊறுகாய், பிள்ளைக்கு நூடுல்ஸ் என்று பட்டியல் நீளும். இதைச் சொல்லும்போதே பெண்களின் குரல் இறங்கிவிடுகிறது. கூட வந்த மாமியாரோ கணவரோ "இவளுக்கு எல்லாமே ரெடிமேட்தான்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால், அதன்பின் அவர்கள் வாயே திறப்பதில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சி வேண்டாம். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடங்கள் என்று வந்தது. ஆண்களுக்கு 97 நிமிடங்கள். வேலைக்கும் போய்விட்டு இரவில் மாவு ஆட்டவும் வேண்டும் என்று யாரிடமும் நான் சொல்ல மாட்டேன். உரித்த சின்ன வெங்காயம், ஆய்ந்த கீரை, சுத்தம் செய்த வாழைப்பூ, உறைய வைத்த பச்சைப் பட்டாணி எல்லாம் தாராளமாக வாங்கலாம். நறுக்கிய காய் மட்டும் அன்றன்றைக்கே தீர வேண்டும். நறுக்கி வைக்க வைக்க வைட்டமின் சி குறையும், கிருமியும் பெருகும். வாழைப்பூ ஆய நேரமில்லை என்று அதைச் சமைப்பதையே நிறுத்திவிட்ட வீடுகள் எத்தனையோ. ஆய்ந்த பாக்கெட் கிடைத்ததால் அந்தக் காய் மறுபடி தட்டுக்கு வருகிறது என்றால் எனக்கு மகிழ்ச்சிதான்.

நான் கவலைப்படுவது வேறு வகைப் பாக்கெட்டைப் பற்றி. சிலவற்றில் இன்னொருவரின் உழைப்பை மட்டும் வாங்குகிறோம். வேறு சிலவற்றில் உப்பு, எண்ணெய், சர்க்கரை எவ்வளவு என்று முடிவு செய்யும் உரிமையையும் சேர்த்தே கம்பெனியிடம் கொடுத்துவிடுகிறோம்.

பின்னலாடை நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவர். மாத்திரை எடுத்தும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. "சமையல்ல உப்பைப் பாதியாக் குறைச்சுட்டேன் மேடம், வீட்டுல எல்லாரும் திட்டுறாங்க" என்றார். குறைத்தது உண்மைதான். அடுத்த முறை வரும்போது அடுப்படியில் இருக்கும் பாக்கெட்டுகளை எடுத்து வரச் சொன்னேன். நூடுல்ஸ், சூப் பொடி, இஞ்சி பூண்டு விழுது, ஊறுகாய் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். மேசையில் பரப்பி, பின்பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். நூடுல்ஸ் பாக்கெட்டில் 100 கிராமுக்கு சோடியம் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம். பாக்கெட்டின் எடை 70 கிராம். அப்படியென்றால் ஒரு பாக்கெட்டில் 700 மில்லிகிராம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்புக் கணக்கு வரும்: 1.75 கிராம். மகனோடு உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு பாக்கெட் சாப்பிடுகிற நாளில் மூன்றரை கிராம் அதிலேயே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 5 கிராமுக்குக் கீழ்தான். விழுதின் பட்டியலில் இஞ்சி, பூண்டுக்கு அடுத்து நின்றது உப்பு. அவர் கரண்டியில் குறைத்த உப்பு பாக்கெட் வழியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

லேபிளைப் படிக்க இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வர வேண்டும். நம் நாட்டுச் சட்டம் அது. 'சத்து மாவு', 'மல்டிகிரெய்ன்' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கம் முதல் இரண்டு இடங்களில் சர்க்கரையோ, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை போலவே சீக்கிரம் செரிக்கும் மாவுப் பொருளோ இருந்தால் குழந்தைக்கு அதை வாங்காதீர்கள். அடுத்தது, 'ஒரு பரிமாறலுக்கு' என்று சிறிய அளவுக்குக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீங்கள் உண்மையில் சாப்பிடும் அளவுக்குக் கணக்குப் போடுங்கள்.

"ப்ரிசர்வேட்டிவ் இல்லைன்னு போட்டு ஒரு வருஷம் கெடாதுங்கிறாங்க, பொய்தானே மேடம்?" என்றும் கேட்கிறார்கள். பொய்யில்லை. சமைத்த உணவைக் காற்றுப் புகாத உறையில் அடைத்து, அழுத்தத்தில் சுமார் 121 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கிருமிகளை அழிக்கிறார்கள். ராணுவ வீரர்களுக்காக மைசூரு பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் நம் நாட்டில் வளர்த்தெடுத்த முறை இது. ஆனால் உள்ளே உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்பதற்கு அந்த வாசகம் பதிலாகாது.

இட்லி மாவு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாத வெறும் கவரில் வாங்காதீர்கள். எந்தத் தண்ணீரில் ஆட்டினார்கள், உளுந்து எவ்வளவு போட்டார்கள், எத்தனை நாளானது என்று எதுவும் தெரியாது. கவர் உப்பியிருந்தால் பயப்பட வேண்டாம், புளிக்கும்போது வாயு வருவது இயல்பு. நிறம் மாறியிருந்தாலோ மேலே புள்ளிகள் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். சேர்மானத்தில் ஆப்ப சோடா இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. நாக்குக்கு உப்புக் கரிக்காததால் இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

உப்பு, சர்க்கரையோடு பிரச்சினை முடிந்துவிடவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து நடத்தி, 2019-இல் வெளியான ஆய்வில், அதிகம் பதப்படுத்திய உணவு கிடைத்த இரண்டு வாரங்களில் அவர்கள், அதிகம் பதப்படுத்தாத உணவு கிடைத்த இரண்டு வாரங்களைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு எல்லாம் இரண்டு வகையிலும் சமமாகவே இருந்தன. 'பசித்ததால் சாப்பிட்டேன்' என்று நாம் நினைக்கும் இடத்தில் அந்த உணவே நம்மைக் கூடுதலாகச் சாப்பிட வைக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்ன பிறகு, இதைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிள்ளைகள் வெளிநாட்டில், தனியே இருக்கும் பெரியவர்களுக்கு என் ஆலோசனை வேறு. பல பேர் இரவில் டீயும் பன்னும் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அவர்கள் நல்ல மாவு வாங்கி இரண்டு தோசை வார்த்து, கொஞ்சம் பருப்புப் பொடியோடு சாப்பிட்டாலே பெரிய முன்னேற்றம்.

சிறுநீரக நோயாளிகள் வீட்டில் மட்டும் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'சோடியம் குறைத்தது' என்று விற்கும் உப்பிலும் சில உணவுகளிலும் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். பட்டியலில் 508 என்ற எண்ணாக மட்டும் இருக்கலாம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள்.