விளாம்பழத்துக்கு ‘மர ஆப்பிள்’னு எதுக்குங்க பேரு?

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின நாள் வேலூர் நேதாஜி மார்க்கெட்ல ஒரு பையன் போனைப் பாத்துகினே "மர ஆப்பிள் இருக்கா?"ன்னு கேக்குறான், பழக்கார அம்மா முழிக்குறாங்க. நான் விளாம்பழத்தை எடுத்துக் காட்டினதும் "ஐய, விளாம்பழமா, எதிர்லயே கீதே"ன்னாங்க. சமையல் வீடியோ, மருத்துவக் குறிப்பு, ஜூஸ் பாட்டில்னு எங்க பாத்தாலும் இந்த மர ஆப்பிள்தான், கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு.

விளா, விளவு, வெள்ளில் எல்லாம் நம்ம பழைய சொல்லு. நற்றிணை 24ஆம் பாட்டுல, உடும்பு ஒட்டிகினு இருக்குற மாதிரி பொரிஞ்ச பட்டையோட விளாமரம் நிக்குது, காம்பு இத்து விழுந்த பழம் பச்சைப் பயிர் மேல, ஆடி முடிச்சுட்டு விட்டுப்போன பந்து மாதிரி கிடக்குது. தெலுங்குல வெலக, கன்னடத்துல பேல. சமஸ்கிருதத்துல கபித்தம்.

இங்கிலீஷ்காரனுக்கு இந்த மரம் புதுசு, ஓடு கட்டை மாதிரி இருக்கவே தனக்குத் தெரிஞ்ச ஆப்பிளை சேத்து உட் ஆப்பிள்னு வச்சான், அது அவன் பாடு. ஆனா சங்க காலத்துலேர்ந்து பேர் வச்சு சாப்பிட்ட நாம அவன் பேரை வாங்கி வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி திரும்ப நமக்கே குடுக்குறது என்ன மொழிபெயர்ப்பு? ஆப்பிளுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, இது எலுமிச்சை, கறிவேப்பிலை குடும்பம். ஆப்பிள் தமிழ் இல்லைன்னு ‘மர அரத்தி’ன்னு ஒருத்தர் திருத்தி எழுதியிருந்தாரு, ரெண்டு பாதியும் சுத்தத் தமிழ்தான், சேத்து வச்சா எந்தப் பழம்னு யாருக்கும் புரியாது, அந்த மாதிரி தனித்தமிழ் யாருக்கு வேணும்?

இதைவிடப் பெரிய கேடு ஒண்ணு இருக்கு. வில்வப் பழத்தையும் இங்கிலீஷ்ல சில பேர் உட் ஆப்பிள்னுதான் சொல்றாங்க. அதனால வில்வத்தோட மருத்துவ குணத்தைப் படிச்சவர் மர ஆப்பிள்னு எழுதுறாரு, அதைப் படிக்குறவர் விளாங்காயைத் தேடிப் போறாரு, பத்தாததுக்கு படம் வேற மாத்திப் போட்டுடுறாங்க. மருந்துக்கு சாப்பிடுற பொருள்ல இப்படி குழப்பலாமா? விளாம்பழம் வெல்லம் சேத்து சாப்பிட்டா பித்தத்துக்கு நல்லதுன்னு நம்ம வீட்ல சொல்றது விளாவுக்குத்தான், வில்வத்துக்கு இல்ல.

நம்ம வட ஆற்காட்டுல இந்தக் குழப்பம் வரவே கூடாது. காட்பாடி தாண்டி திருவலம் போனா சாமி பேரே வில்வநாதீஸ்வரர், ஆற்காடு பக்கம் போனா விளாப்பாக்கம்னே ஒரு ஊர்.

சந்தேகம் இருந்தா இலையைப் பாருங்க. வில்வத்துக்கு மூணு மூணா இருக்கும், விளாவுக்கு ஒரே காம்புல அஞ்சு ஏழுன்னு சின்னச் சின்ன இலை. வில்வ ஓடு வழவழன்னு, பழுத்தா மஞ்சளா இருக்கும், உள்ளயும் மஞ்சள் சதைதான். விளா ஓடு சாம்பல் வெள்ளையா சொரசொரன்னு இருக்கும், உள்ள பழுப்பா புளிப்பும் இனிப்புமா விதை நிறைய. பழுத்துச்சான்னு தெரியணும்னா தரையில லேசா போடுங்க, துள்ளுனா காய், துள்ளாம அப்படியே உக்காந்தா பழம்.